உரம் எடுத்த கைகள்: கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் குழந்தைக் கழுத்துச் சாய்வும் பெண்களின் கைவைத்தியமும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் கப்பலேறி வந்த கதையாகவும், கூலிக் கணக்காகவும், தொழிற்சங்கப் போராட்டமாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும், லயத்து வீட்டு வாசலில் கால் நீட்டி அமர்ந்து, பச்சிளங் குழந்தையைத் தம் கால்களின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட மூதாட்டிக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை. அவர் கூலிப் பட்டியலிலும் இல்லை. மருத்துவப் பதிவேட்டிலும் இல்லை.

அம்மூதாட்டியரின் கைவினையுள் ஒன்று 'உரம் எடுத்தல்'. குழந்தையைத் தூக்குங்கால் அது வீறிட்டு அழுதாலோ, அதன் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றாலோ, 'பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது' என்பர். அதனைக் கையால் நீக்கும் முறையே உரம் எடுத்தல். தமிழகத்துச் சிற்றூர்களில் இன்றும் வழங்கும் இம்முறை, கோலா சிலாங்கூர் மற்றும் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் எவ்வாறு நிலைபெற்றது, அதனை எழுத்துப் பதிவுகள் ஏன் காணத் தவறின, இன்றைய மருத்துவ அறிவோடு ஒப்பிடுகையில் அதன் நிறை குறைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பழமையைப் போற்றுவதோ பழிப்பதோ நம் நோக்கமன்று. மறைந்துகொண்டிருக்கும் ஓர் அறிவைச் சரியாகப் பெயரிட்டு வைப்பதே நோக்கமாகும்.

சொல்லும் செயலும்

'உரம்' என்னும் சொல்லுக்கு வலிமை, மார்பு, எரு எனப் பல பொருள்கள் உள. குழந்தை வளர்ப்புச் சூழலில் அது கழுத்து, தோள், முதுகுப் பகுதிகளில் ஏற்படும் பிடிப்பைக் குறிக்கிறது. குழந்தையைத் தலை தாங்காமல் தூக்குதல், உறக்கத்தில் தலை ஒருக்களித்துக் கிடத்தல் ஆகியவற்றால் உரம் விழும் என்பது மக்கள் நம்பிக்கை. வளர்ந்தோர்க்கு ஏற்படின் அதனைச் 'சுளுக்கு' என்பர். குழந்தைக்கு ஏற்படின் 'உரம்' என்பர். இவ்வேறுபாடு நோக்கத்தக்கது. குழந்தையின் உடலைத் தனியே நோக்கிய ஒரு பார்வை இச்சொல்லாட்சியில் புலனாகிறது.

உரம் எடுக்கும் முறைகள் இடத்துக்கு இடம் சிறிது மாறினும் பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது நீவுதல். எண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து, காதின் பின்புறம் தொடங்கித் தோள்வரை விரல் நுனியால் மெல்ல இறக்குவர். இரண்டாவது உருட்டுதல். பழஞ்சேலையிலோ வேட்டியிலோ குழந்தையைக் கிடத்தி, இருவர் இருமுனைகளையும் பற்றி, குழந்தை இப்பக்கமும் அப்பக்கமும் உருளுமாறு துணியை மாறிமாறி உயர்த்தித் தாழ்த்துவர். மூன்றாவது, குழந்தையை முறத்தில் இட்டு மெல்லப் புடைப்பது போல் அசைத்தல். இவற்றுள் நீவுதல் அன்றாடக் குளிப்பாட்டலோடு இணைந்தது. ஏனைய இரண்டும் குறை கண்டபோது மட்டும் செய்யப்பெறுவன. இவை அனைத்தையும் ஒரே பெயரால் வழங்கியதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

சித்த மருத்துவம் தன் புறமருத்துவ முறைகளை 32 என வகுக்கும். அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். குழந்தை மருத்துவத்துக்கெனப் பாலவாகடம் என்னும் நூல்மரபும் உண்டு. ஆயினும், தோட்டத்து மூதாட்டி இந்நூல்களைக் கற்று இவ்வேலைக்கு வந்தவர் அல்லர். ஏட்டு மரபும் வீட்டு மரபும் ஒரே நிலத்தில் விளைந்தவை எனலாமே தவிர, ஒன்று மற்றொன்றின் நகல் எனக் கூறுவதற்கில்லை.

பாட்டியில்லாத தோட்டம்

இக்கைமுறை தமிழகத்திலிருந்து அப்படியே பெயர்த்து நடப்பட்டது என்று எண்ணுவது எளிது. ஆயின் குடியேற்ற வரலாறு அவ்வெண்ணத்துக்குத் துணைபுரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலையேற்றம் சிலாங்கூரின் காடுகளைத் தோட்டங்களாக்கியது. சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் முதலிய இடங்கள் தமிழ்த் தொழிலாளர் வாழ்விடங்களாயின. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே இவ்வட்டாரத்தின் ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் முதலில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் 1917இல் தென்னமாரம் தோட்டத்தில், நாட்டின் முதல் வாணிக முறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரே 'தென்னைமரம்' என்னும் தமிழ்ச் சொல்லின் சாயலைத் தாங்கி நிற்கிறது. இம்மண்ணின் வாழ்வைப் பின்புலமாகக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றது. இப்பகுதித் தோட்ட வாழ்வு உலக இலக்கியத்தில் இடம்பெற்ற அதே காலத்தில், அத்தோட்டத்துக் குழந்தைகளை வளர்த்த கைகளைப் பற்றி எழுதுவார் இல்லை.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் தேடியது உழைக்கும் உடலையே. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோருள் பெரும்பாலோர் இளைஞர். பெண்கள் குறைவு, முதிய பெண்கள் மிகமிகக் குறைவு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூட மலாயா இந்தியரிடையே 1000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. ஆகவே முதல் தலைமுறைத் தோட்டத்தில் குழந்தை பிறந்தபோது, அதனைக் கையில் ஏந்த வேண்டிய பாட்டி கடலுக்கு அப்பால் இருந்தார். தம் ஊரில் சிறுமியாக இருந்தபோது வாயிற்படியில் நின்று கண்டதை நினைவில் மீட்டு, தாமே முயன்று, பிழைத்தும் பிழைசெய்தும் கற்றுக்கொண்ட இளம்பெண்களே இங்கு முதல் கைவைத்தியர்களாக இருந்திருத்தல் கூடும். நாம் அறிந்த 'தோட்டத்துப் பாட்டி' தாய்நாட்டிலிருந்து வந்தவர் அல்லர், தோட்டமே உருவாக்கியவர்.

சாதி அமைப்பிலும் இத்தகையதொரு மாற்றத்தை ஊகிக்கலாம். தமிழகத்துச் சிற்றூரில் பேறு பார்த்தல் பெரும்பாலும் நாவிதர் குலத்து மருத்துவச்சியின் உரிமைத் தொழில். அதற்குக் கிடைத்த கூலியும் மதிப்பும் அக்குல நிலைக்கு ஏற்பவே அமைந்தன. தோட்டத்திலோ ஒவ்வொரு லயத்துக்கும் அவ்வாறு உரிமையுடைய குடும்பம் வந்து சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. எனவே 'யாருக்குக் கை வாகு உண்டோ அவரிடம் செல்க' என்பதே வழக்காயிற்று. தோட்டத்தில் சாதி மறைந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. கோயிலிலும் திருமணத்திலும் அது உயிரோடுதான் இருந்தது. ஆயின், கழுத்துப் பிடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய் கதவைத் தட்டுமுன் குலம் கேட்டு நின்றாள் என்று கொள்வதற்கில்லை. கால் முன்னாகப் பிறந்தவரும் இரட்டைப் பிள்ளை பெற்றவரும் சுளுக்கும் உரமும் எடுக்கத் தக்கவர் என்னும் நம்பிக்கை இதற்குத் துணைநின்றது. அந்நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை இல்லை. ஆனால் அது குலத்தைக் கடந்த தகுதியொன்றை வழங்கியது என்னும் சமூக உண்மையை வரலாற்று மாணவர் புறக்கணித்தல் ஆகாது.

தோட்டத்தை அடுத்து மலாய்க் கம்பங்கள் இருந்தன. அங்கே மருத்துவச்சி 'பீடான்' எனப்பட்டார். பிடித்துவிடுதல் 'உருட்' எனப்பட்டது. பிள்ளை பெற்ற தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் இட்டு நீவுதல் அங்கும் வேரூன்றிய வழக்கம். மலாய்ச் சொல்லாகிய 'உருட்' தமிழ் 'உருட்டு' என்பதை நினைவூட்டினும், ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு சொல்லுறவு காட்டுதல் மொழியியல் நெறியன்று. அண்டை வீட்டார் என்ற முறையில் ஒருவர் கையை மற்றவர் நாடியிருக்க வாய்ப்புண்டு என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

பதிவேடு கண்டதும் காணாததும்

பால்மரம் வெட்டுதல் விடியற்காலைத் தொழில். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். ஆதலால் பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தல் வேண்டும். தாய் நிரைக்குச் செல்ல, குழந்தை ஆயாக்கொட்டகைக்குச் செல்லும். வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில் பல குழந்தைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. கொட்டகையின் ஆயாக்களும் லயத்தில் எஞ்சியிருந்த மூதாட்டியருமே குழந்தையின் பகற்பொழுதுக்குப் பொறுப்பாயினர். உரம் எடுத்தல் என்னும் கைமுறை தோட்டத்தில் நிலைத்ததற்குப் பாசம் மட்டுமன்றி, இவ்வுழைப்பு முறையும் காரணம் எனலாம். தாயின் கை மரத்துக்கு உரியதாயிற்று. எனவே குழந்தைக்கு வேறொரு கை வேண்டியிருந்தது.

குடியேற்ற அரசு தோட்ட மருத்துவத்தை அறவே புறக்கணித்தது என்பது சரியன்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தோட்டங்களில் மருத்துவ வசதி, பேறுகால உதவித்தொகை, குழந்தைக் காப்பகம், பள்ளி ஆகியவற்றுக்கு இடமளித்தது. ஆயின் சட்டத்துக்கும் லயத்துக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் தகுந்த மருத்துவ வசதியும் ஒன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சட்டம் வந்து 18 ஆண்டுகள் கடந்தும் அக்கோரிக்கைக்குத் தேவை இருந்தது.

அக்கால மருத்துவ அறிக்கைகளின் அக்கறை மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு போன்ற உயிர்கொல்லி நோய்களின்மீது குவிந்திருந்தது. அது இயல்பே. குழந்தைகள் திரளாக மாண்ட காலத்தில் ஒரு குழந்தையின் கழுத்து எப்பக்கம் சாய்ந்தது என்பதை யார் எழுதுவர்? மலாயா விடுதலை பெற்ற 1957இல்கூட, உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. கொல்லாத நோய் பதிவேட்டில் இடம்பெறவில்லை. கொல்லாத நோயைப் பார்த்தவரும் அவ்வாறே இடம்பெறவில்லை. மருத்துவச்சி பதிவேட்டில் தோன்றிய போதும், தூய்மையற்ற கையினர், திருத்தப்பட வேண்டியவர் என்னும் கோலத்திலேயே தோன்றினார். இந்தியாவில் 1885இல் தொடங்கிய டஃபரின் சீமாட்டி நிதியின் காலந்தொட்டு நிலவிய பார்வையும் இதுவே. தொற்றினால் தாய்மார் மாண்டது உண்மை. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பேறு பார்க்கும் கையையும் நீவிவிடும் கையையும் ஒன்றாகக் கருதியதால், பின்னதில் இருந்த அறிவு ஆராயப்படாமலே போயிற்று.

விடுதலைக்குப் பின்னும் இந்நிலை முற்றாக மாறவில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மருத்துவமனை உதவியாளரை, அதாவது மக்கள் 'டிரசர்' என்றழைத்தவரை, பதிவுக்கு உட்படுத்தியது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சிகளைப் பதிவுக்கு உட்படுத்தியது. 1950களிலிருந்து அரசு நாட்டுப்புறங்களில் தாய்சேய் நல நிலையங்களை நிறுவி வந்தது. ஆயின் தோட்டங்கள் தனியார் நிலமாதலால் அவ்வலையின் விளிம்பிலேயே நின்றன. பாரம்பரிய மருத்துவத்தை முறைப்படுத்தும் சட்டம் 2016இல்தான் வந்தது. அது மலாய், சீன, இந்திய மருத்துவ முறைகளை ஏற்றுக்கொண்டது. அச்சட்டம் வந்தபோது, அது பேசிய மரபின் தோட்டத்துக் கைகளுள் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டிருந்தன.

அழுகையும் சாய்வும்

இனி, இம்முறையின் மருத்துவ மெய்ம்மையை நோக்குவோம். காதின் பின்புற எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காரையெலும்புக்கும் இறங்கும் நீண்ட தசையொன்று கழுத்தின் இருமருங்கும் உள்ளது. பிறவியிலேயே ஒரு பக்கத் தசை குறுகியிருப்பின், தலை அப்பக்கம் சாயும். முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். இதனைப் பிறவித் தசைக் கழுத்துச் சாய்வு என்னலாம். கருப்பையின் இடநெருக்கமும் கடினமான பேறும் இதனோடு தொடர்புடையன. 1000 குழந்தைகளுள் 3 முதல் 20 வரை இந்நிலைக்கு ஆளாகின்றன என்பது மருத்துவ நூல்கள் பொதுவாகத் தரும் கணக்கு. பிறந்த சில வாரங்களில் அத்தசையில் ஒரு சிறு கட்டி தட்டுப்படுவதுண்டு. சில மாதங்களில் அது தானே கரைந்துவிடும். கட்டி கரைந்தும் தசை இறுகியே இருத்தல் கூடும்.

இதற்கு இன்றைய மருத்துவம் முதலில் பரிந்துரைப்பது கத்தியை அன்று, கையையே. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் தசையை மெல்ல நீட்டித் தருவர்; அதனைப் பெற்றோர்க்கும் கற்பிப்பர். குழந்தை விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்துதல், திரும்பாத பக்கத்திலிருந்து பாலூட்டியும் ஒலியெழுப்பியும் அதனைத் திரும்பச் செய்தல் ஆகியனவும் சிகிச்சையே. ஹாங்காங்கில் 821 குழந்தைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கைமுறை நீட்டலாலேயே மிகப் பெரும்பாலோர் நலம்பெற்றதைக் காட்டியது. அமெரிக்கக் குழந்தை இயன்முறை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி காலத்தின் அருமையை வற்புறுத்துகிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் தொடங்கினால் 100க்கு 98 குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் கழுத்தை இயல்பாகத் திருப்புகின்றன. ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் அதற்கு 9 அல்லது 10 மாதங்கள் தேவைப்படலாம். சிலர்க்கு அறுவையும் வேண்டியிருக்கும்.

இவ்வறிவின் ஒளியில் தோட்டத்துக் குளிப்பாட்டலை நோக்கின் இரண்டு உண்மைகள் புலப்படும். ஒன்று, மூதாட்டி குழந்தையைத் தம் கால்களின்மேல் குப்புறக் கிடத்தி முதுகு தேய்ப்பார். அப்போது குழந்தை தலையைத் தூக்க முயலும். இன்று மருத்துவர் பரிந்துரைக்கும் குப்புறப் பயிற்சியோடு இது ஒத்துச் செல்கிறது. மற்றொன்று, நாள்தோறும் கழுத்தைத் தடவும் விரலுக்கு நேற்றில்லாத கட்டி இன்று தட்டுப்படும். எந்த மருத்துவ நிலையத்தாலும் நாள்தோறும் ஒரு குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்க இயலாது. ஆகவே நீவுதலின் பெரும்பயன் நீவுதலில் இல்லை, அறிதலில் இருந்தது.

உருட்டுதலும் முறத்தில் அசைத்தலும் இவ்வாறு பாராட்டத் தக்கன அல்ல. பச்சிளங் குழந்தையின் தலை அதன் கழுத்துத் தாங்கும் அளவினும் கனமானது. தாங்கலின்றி அசைந்தால் தீங்கு நேரலாம். வன்மையாகக் குலுக்கினால் உயிருக்கே இடர் உண்டாகும். மேலும், தலைச்சாய்வு எலும்புக் குறையாலும் கண் குறையாலும் ஏற்படலாம். இடுப்பு மூட்டுக் குறை உடனிருத்தலும் உண்டு. காரணம் அறியாமல் இழுப்பதும் அழுத்துவதும் தவறு.

ஆயினும் உருட்டுதல் 'பலித்தது' என்று தலைமுறை தலைமுறையாக நம்பினர். ஏன்? 'உரம்' என்னும் ஒரு சொல்லுக்குள் இரு வேறு நிலைகள் அடங்கிக் கிடந்தன. தூக்கினால் அழும் குழந்தைக்குப் பெரும்பாலும் இருப்பது தானே தணியும் பிடிப்போ வயிற்று உபாதையோ ஆகும். சில நாளில் அழுகை ஓயும். பெருமை உருட்டியவரைச் சேரும். பிறவித் தசைச் சாய்வோ பொதுவாக வலி தருவதன்று. அக்குழந்தை அதற்காக அழுவதில்லை. அழாத குழந்தையின் சாய்வு எவர் கண்ணுக்கும் அவசரமாகத் தோன்றுவதில்லை. அழுகை நின்றது, சாய்வு நின்றபடியே இருந்தது. இவ்விரண்டையும் பிரித்துக் காணாமையே இக்கைமுறையின் பெருங்குறை.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

இது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த நம் உறவினர் குடும்பமொன்றில் தலைப்பிள்ளை பிறந்தது. மூன்றாம் வாரத்தில் தலை வலப்பக்கம் சாய்ந்து நின்றது. கொள்ளுப்பாட்டியார் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, 'இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது' என்றார். மூன்று மாலைப்பொழுதுகள் சேலையில் உருட்டினர். தாய் நம்மிடம் கருத்துக் கேட்டபோது, 'பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று கூறிவிட்டோம். மரபைப் பற்றி எழுதுபவர் என்ற பெருமையில் பிறந்த சொல் அது.

ஒரு மாதத் தடுப்பூசிக்குச் சென்றபோது தாய், குழந்தைக்கு உரம் விழுந்திருந்ததாகக் கூறினார். பணியிலிருந்த இளையவர் தமிழரே. ஆயினும் அவர் அறிந்த உரம் செடிக்கு இடுவது ஒன்றுதான். சிரிப்பில் கலைந்த அப்பேச்சு மீண்டும் எழவில்லை. முடிச்சு தானே கரைந்தது. குணமாயிற்று என்று அனைவரும் எண்ணினோம். ஐந்தாம் மாதத்தில், குழந்தையின் பின்தலை ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைக் கண்ட வேறொரு மருத்துவர்தாம் இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்பினார். பல மாதங்கள் நாள்தோறும் பயிற்சி செய்ய வேண்டியதாயிற்று. இன்று அக்குழந்தை நலமாக இருக்கிறது.

இதில் யார் தவறினர் என வினவினால், பாட்டியார் தவறினார் என்று நம்மால் கூற இயலவில்லை. மூன்றாம் வாரத்திலேயே அவ்விரல்கள் நோயைக் கண்டுபிடித்துவிட்டன. அவ்விரலின் செய்தியை மருத்துவருக்குக் கொண்டுசேர்க்கும் சொல்தான் இடையில் அறுந்துபோயிற்று. அச்சொல்லைக் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நாமும் அதனைச் சேர்க்கவில்லை.

கலைந்த லயங்கள்

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. வட சிலாங்கூரின் நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சார்ந்த குடும்பங்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடியது பலரும் அறிந்த செய்தி. தோட்டம் கலைந்தபோது இழந்தது கூரை மட்டுமன்று. நாலு வீடு தள்ளி ஒரு கை இருக்கிறது என்னும் உறுதியும் அதனோடு போயிற்று. குழந்தையை நாள்தோறும் தொட்டறிந்த கை போய்விட்டது. உருட்டலாம் என்னும் அரைகுறை நினைவு மட்டும் எஞ்சியிருக்கிறது. மரபின் நல்ல பகுதி முதலில் மறைந்து, இடர் மிக்க பகுதி நிலைத்திருப்பது வருந்தத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் தெளிவாவன மூன்று. உரம் எடுத்தல் தோட்டத்துக்கு முழுமையாக வந்துசேர்ந்த பழமரபு அன்று; பாட்டியில்லாத தோட்டத்தில், பெண்கள் தம் உழைப்புச் சூழலுக்கேற்ப மீண்டும் உருவாக்கிக்கொண்ட அறிவு அது. அதனைச் சட்டமும் மருத்துவ அறிக்கையும் பதிவு செய்யாததற்கு, அது பயனற்றது என்பதன்று காரணம். கொல்லாத நோயும் கூலியில்லாத உழைப்பும் அவற்றின் கண்ணில் படவில்லை. அவ்வறிவின் வலிமை தொட்டறிவதிலும், குறை இருநிலைகளை ஒரு சொல்லால் வழங்கியதிலும் இருந்தது.

தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஆயாக்கொட்டகையில் பணியாற்றிய பெண்கள் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கை செய்ததையும் வாய் சொன்னதையும் மாணவர்கள் சென்று பதிவு செய்தல் வேண்டும். எந்த எண்ணெய், எந்தத் திசையில் நீவல், எதைக் கண்டால் அஞ்சினர், எப்போது டிரசரிடம் அனுப்பினர் என்பவை அனைத்தும் தேவை. அதனோடு, 'உரம்' என்று ஒரு தாய் கூறினால் அவள் குறிப்பது அழுகையையா சாய்வையா என்று கேட்டறியும் தெளிவை நம் மாணவர்க்குத் தருதல் வேண்டும். அவர்களுள் பலர் நாளைய தாதியரும் மருத்துவருமாவர். குழந்தையின் தலை தொடர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பின், அழுதாலும் அழாவிட்டாலும், முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

நம் கொள்ளுப்பாட்டியார் இன்று இல்லை. முடிச்சைக் கண்ட அவ்விரல்களின் திறத்தை அவர் இருந்தபோது கேட்டு எழுதி வைக்காதது நம் குறை. அக்குறையை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையை எழுதியுள்ளோம்.